அறிவியல் பாடங்களில் எதை எடுப்பது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் மேல்நிலை வகுப்பில் சேரவிருக்கிறாள். உயிரியலில் மிகுந்த ஈடுபாடு உடையவள். வேதியியலையும் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறாள். இயற்பியல் மட்டும் வேண்டாம் என்கிறாள். பள்ளியும் அதற்கு அனுமதிக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடுவதற்கு முன், உங்கள் மகள் எதைக் கண்டு விலகுகிறாள் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இயற்பியல் கடினம் என்று சொல்லும் மாணவர்களில் பலருக்கு உண்மையில் தடையாக இருப்பது கணக்கு. சாய்தளத்தில் வைக்கப்பட்ட ஒரு பொருளின் எடையை இரு கூறுகளாகப் பிரிக்கச் சொன்னால், அங்கே சைன் வருமா கொசைன் வருமா என்பதில்தான் தடுமாறுகிறார்கள். புவியீர்ப்பு என்ற கருத்தில் அவர்களுக்கு ஐயம் எதுவும் இருப்பதில்லை. நான்கு அளவுகள் கொண்ட ஒரு சமன்பாட்டைக் கொடுத்து, அதில் ஒன்றை மட்டும் ஒரு பக்கத்தில் தனியே கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். அங்கேயே கை நின்றுவிட்டால், குறை இயற்பியலில் இல்லை; விடுமுறையில் இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் மீண்டும் ஒருமுறை முறையாகப் படித்தால் பெருமளவு நீங்கிவிடக்கூடிய குறைதான் அது.

உயிரியலுக்கு இயற்பியல் எங்கே தேவைப்படும் என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். ஓய்வு நிலையில் இருக்கும் ஒரு நரம்புச் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. மின்னழுத்தம் என்றால் என்னவென்று அறியாமல் நரம்புத் தூண்டலைப் படிப்பவர் அந்தப் பாடத்தை மனப்பாடம்தான் செய்ய முடியும். 1953-ஆம் ஆண்டில் டி.என்.ஏ-வின் இரட்டைச் சுருள் அமைப்பு தெளிவானதில், எக்ஸ் கதிர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இத்தனைக்குப் பிறகும் அவளுக்கு மனம் இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மேல்நிலைப் படிப்பான ஏ லெவல் முறையில் பெரும்பாலான மாணவர்கள் மூன்று பாடங்களே எடுக்கிறார்கள். உயிரியல், வேதியியல், கணிதம் என்ற சேர்க்கை அங்கே வழக்கமானதே. ஆனால் வேதியியலை விட்டுவிட்டு உயிரியலை மட்டும் எடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒளிச்சேர்க்கை, செரிமானம், நொதிகளின் செயல், மரபுப் பொருளின் நகலாக்கம் எல்லாமே மூலக்கூறுகளின் கதைதான். சேர நினைக்கும் மேற்படிப்புக்கு எந்தெந்தப் பாடங்கள் கட்டாயம் என்பதைப் பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் அறிவியல் ஆசிரியை. முதலில் உயிரியல், அடுத்து வேதியியல், கடைசியில் இயற்பியல் என்ற வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பதில்: ஆண்டுக்கு ஓர் அறிவியல் என்று கற்பிக்கும் அமெரிக்கப் பள்ளிகளில் நீண்ட காலமாக நடந்துவரும் விவாதம் இது. 1988-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட லியோன் லெடர்மேன், இயற்பியலே முதலில் வர வேண்டும் என்று பல ஆண்டுகள் வலியுறுத்தினார். அணுவைப் பற்றியும் ஆற்றலைப் பற்றியும் தெரியாமல் வேதிப் பிணைப்பு விளங்காது, வேதிப் பிணைப்பு தெரியாமல் இன்றைய மூலக்கூறு உயிரியல் விளங்காது என்பதே அந்த வாதத்தின் சாரம். தர்க்கத்தில் குறை காண முடியாது. நடைமுறையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பதினான்கு வயது மாணவருக்கு இயற்பியலை முதலில் கற்பிப்பதென்றால், அவருக்குத் தெரிந்த கணிதத்துக்குள் அடங்கும்படி அதை வடிவமைக்க வேண்டும். பழைய பாடநூலை அப்படியே முன்னால் தூக்கி வைத்தால் மாணவர்கள் மிரண்டுபோவார்கள். பாடத்தை மாற்றி எழுத நேரமும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இல்லாத பள்ளிக்கு, மூன்றையும் ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாக இணைத்துக் கற்பிப்பதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆய்வகம் பெயரளவில்தான் இருக்கிறது. இணையவழிப் பாடங்களும் சோதனைகளைத் திரையில் செய்துபார்க்க உதவும் கணினிப் பாவனைகளும் (சிமுலேஷன்) அந்தக் குறையை ஈடு செய்துவிடுமா?

பதில்: ஒரு பகுதியை ஈடு செய்யும், முக்கியமான பகுதியைச் செய்யாது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் தொடங்கிய ‘ஃபெட்’ பாவனைகளை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கட்டணம் கிடையாது. மின்சுற்றில் எலக்ட்ரான்கள் நகர்வதையும், வெப்பம் ஏறும்போது வாயுவின் துகள்கள் விரைவதையும் அவற்றில் காணலாம். கண்ணுக்குத் தெரியாதவற்றைக் காட்டுவதில் எந்த ஆய்வகமும் அவற்றுக்கு ஈடாகாது.

ஆனால் பாவனையில் கை நடுங்காது, கருவி பிழை காட்டாது. தனி ஊசல் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை முழுதாக அலைவதற்கு ஏறத்தாழ 2 விநாடி ஆகும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதில் மாணவர் 0.2 விநாடி தவறினால், ஒரே ஓர் அலைவை மட்டும் அளந்தவருக்கு அலைவு நேரத்தில் 10 விழுக்காடு பிழை வரும். அதிலிருந்து கணக்கிடும் புவியீர்ப்பு முடுக்கத்தில் அது ஏறத்தாழ 20 விழுக்காடாகப் பெருகும். 20 அலைவுகளைத் தொடர்ச்சியாக அளந்தவருக்கோ அதே தவறு 40 விநாடிகளில் பரவி, முடுக்கத்தில் ஒரு விழுக்காட்டு அளவுக்குச் சுருங்கிவிடும். அலைவு நேரத்தின் இருமடியை நீளத்துக்கு எதிராக வரைபடத்தில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் அதன் கொக்கி வரை மட்டும் அளந்திருந்தால், அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாமல் விலகி நிற்கும். ஆயினும் சாய்வு மாறாததால் முடுக்கத்தின் மதிப்பு சரியாகவே வரும். தன் பிழையை வரைபடத்திலேயே கண்டுபிடிக்கும் மாணவர் அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வதை எந்தக் காணொலியும் கற்றுத்தராது.

இதற்கு வேண்டியவை ஒரு நூல், ஒரு குண்டு, ஓர் அளவுகோல், ஒரு கடிகாரம், அவ்வளவே. ஆகவே ஆய்வகம் இல்லை என்பதற்காக எல்லாச் செய்முறைகளையும் கைவிட வேண்டியதில்லை. வேதியியலில் நிலைமை வேறு. பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டி கலந்த அமிலம் வெளிர் இளஞ்சிவப்பாக மாறி அந்நிறம் நிலைக்கும் கணத்தில் நிறுத்துவதைப் பள்ளியில்தான், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துதான் செய்ய வேண்டும். அந்த வசதியைப் பள்ளியிடம் கேட்டுப் பெறுவது பெற்றோரின் உரிமை என்றே கருதுகிறேன். செய்முறைப் பதிவேட்டில் முந்தைய ஆண்டு மாணவரின் அளவீடுகளைப் பார்த்து எழுதும் வழக்கத்தை எந்தப் பள்ளியும் அனுமதிக்கக் கூடாது. உலக அளவில் செய்முறைக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று: பள்ளி மாணவர்களுக்கான போட்டியான பன்னாட்டு இயற்பியல் ஒலிம்பியாடில் மொத்தம் உள்ள 50 மதிப்பெண்களில் 20 செய்முறைக்கே உரியவை.

கேள்வி: ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தின் பட்டயப் படிப்பில் சேர்ந்திருக்கும் என் மகன் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் உயர்நிலையில் எடுக்க விரும்புகிறான். செய்யலாமா?

பதில்: அந்தப் படிப்பில் ஆறு பாடங்கள் உண்டு, பொதுவாக மூன்று உயர்நிலையிலும் மூன்று இயல்புநிலையிலும் எடுக்கப்படும். உயர்நிலைப் பாடம் ஒன்றுக்கு 240 மணி நேரமும் இயல்புநிலைக்கு 150 மணி நேரமும் கற்பித்தல் நேரமாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. மூன்று அறிவியல்களை எடுக்க வேண்டுமென்றால், முதலில் அதற்குரிய பாடச் சேர்க்கையைப் பள்ளி அனுமதிக்கிறதா என்று கேட்க வேண்டும். அனுமதித்தாலும் கணிதம் இயல்புநிலைக்குத் தள்ளப்பட்டுவிடும். பொறியியலோ இயற்பியலோ படிக்க நினைப்பவருக்கு அது பெரிய இழப்பு. இரண்டு அறிவியல்களும் கணிதமும் உயர்நிலையில் இருப்பதே அத்தகையோருக்கு ஏற்றது என்பேன்.

கேள்வி: எனக்கு வானியலும் புவி அறிவியலும் படிக்க ஆசை. பள்ளியில் இரண்டும் பாடமாக இல்லை. நான் என்ன செய்வது?

பதில்: இந்தக் கேள்வியை ஒரு மாணவர் அனுப்பியிருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நிலநடுக்கம், வெள்ளம், நிலத்தடி நீர், பருவநிலை மாற்றம் என்று நம் வாழ்வை நேரடியாகத் தொடும் ஓர் அறிவியல் பல பள்ளிகளில் தனிப் பாடமாகவே இல்லாதது வருந்தத்தக்க நிலை. புவியியல் பாடத்தின் சில பக்கங்களில் அது முடிந்துவிடுகிறது.

நீங்கள் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் எடுங்கள். பல்கலைக்கழகத்தில் வானியற்பியலுக்கும் புவி இயற்பியலுக்கும் அடித்தளம் இவைதாம். பள்ளியில் வானியல் படிக்காதவர் என்பதற்காக யாரும் உங்களை ஒதுக்க மாட்டார்கள். இயற்பியலில் பலவீனமாக இருந்தால்தான் வழி அடைபடும். பாடத்துக்கு வெளியே இரண்டு பன்னாட்டுப் போட்டிகள் இருக்கின்றன: வானியல், வானியற்பியல் ஒலிம்பியாடும், புவி அறிவியல் ஒலிம்பியாடும் 2007-இல் தொடங்கப்பட்டவை. இவற்றின் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. போட்டியில் கலந்துகொள்ளாவிட்டாலும் அவற்றைப் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. இரவு வானத்தை அறிய ‘ஸ்டெல்லேரியம்’ என்ற கட்டணமில்லாத மென்பொருள் போதும். விண்மீன் மண்டலங்களின் படங்களை வடிவத்தைக் கொண்டு வகைப்படுத்தும் ‘கேலக்ஸி ஸூ’ திட்டமும் 2007-இல் தொடங்கியது. அதில் பொதுமக்கள் செய்யும் வகைப்பாட்டை ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வுகளில் பயன்படுத்துகிறார்கள்.

1994-இல் அறிவிக்கப்பட்ட ‘குளோப்’ திட்டத்தில் பல நாடுகளின் பள்ளி மாணவர்கள் மேகங்களையும் மழையளவையும் மண்ணின் வெப்பநிலையையும் வரையறுத்த முறைப்படி அளந்து பொதுத் தரவுத்தளத்தில் பதிகிறார்கள். உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். பள்ளி இதில் சேர முடியாவிட்டாலும், மழைமானி ஒன்றை மரங்களுக்கும் சுவர்களுக்கும் எட்டத்தில் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து, மழை பெய்யாத நாளில் சுழி என்று தவறாமல் குறித்து வாருங்கள். வெற்றிடமாக விட்ட நாளில் மழை இல்லையா, அளக்க மறந்துவிட்டதா என்று பின்னர் யாராலும் சொல்ல முடியாது.