வேலையை விட்டது என் விருப்பம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வசிக்கிறேன். ஒரு தணிக்கை நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இரண்டாவது குழந்தை பிறந்தபின் விலகினேன். கணவர் வற்புறுத்தவில்லை. ஆனால் என் தோழிகளோ, நீயே அடுப்படிக்குத் திரும்பினால் நம் பாட்டிகள் பட்ட பாடு எதற்கு என்று கேட்கிறார்கள். விரும்பியபடி வாழ்வதுதானே சமத்துவம்? அரசியலமைப்பே சமத்துவத்தைத் தந்துவிட்ட நாட்டில், இன்றைய பெண்ணியம் பெண்களுக்கே கட்டளையிடுகிறதோ என்று தோன்றுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் தோழிகள் பாட்டிகளைச் சாட்சிக்கு இழுத்தது பொருந்தவில்லை. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி செர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, நம் இந்திய வம்சாவளியினரின் திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பளித்தபோது, தாலி கட்டிக் குடும்பம் நடத்திவந்தவர்கள் சட்டப்படி மனைவியரே அல்லர் என்றாயிற்று. ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள், கைக்குழந்தையோடும்கூட, அனுமதியின்றி எல்லை தாண்டி நேட்டால் மாகாணத்துக்குள் வந்து, ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்மீது விதிக்கப்பட்ட மூன்று பவுண்ட் வரியை எதிர்த்து வேலையை நிறுத்துங்கள் என்று நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் சொன்னார்கள். அவர்களை அடைத்தது உங்கள் ஊர்ச் சிறையில்தான். அங்கிருந்து நோயோடு வெளிவந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது வயது 16. மனைவி என்ற பெயருக்காகவா சிறை சென்றார்கள் என்று இன்று ஒருவர் முகம் சுளிக்கலாம். அந்தப் பெயரோடு பிள்ளைகளின் வாரிசுரிமையும் இந்நாட்டுக்குள் நுழையும் உரிமையும் சேர்ந்திருந்தன என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

உங்கள் விருப்பத்தை நான் குறை சொல்லவில்லை. சமத்துவம் கிடைத்துவிட்டது என்ற இடத்தில்தான் உங்களோடு மாறுபடுகிறேன். 1970களில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் நாங்கள் குடியிருந்தபோது, ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த என் அம்மா தவணையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போனார். வெள்ளிக்கிழமைச் சம்பளக் கவரை மேசைமேல் வைத்தும், கணவர் கையெழுத்து இல்லாமல் ஆகாது என்று கடைக்காரர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா கையெழுத்திட்டார், தவணைகளைக் கட்டியது அம்மா. மனைவிமீது கணவனுக்கிருந்த அந்தச் சட்ட அதிகாரம் 1984-க்குப் பிந்தைய நம் திருமணங்களில் இல்லாமல் போயிற்று. பழைய திருமணங்களில் 1993 வரை நீடித்தது. 1996 அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு பாலினம், கர்ப்பம், திருமண நிலை எனப் பெயர் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் வேலையை விட்ட பெண்ணின் ஓய்வூதியக் கணக்கில் அது பணம் போடுவதில்லை.

ஆகவே ஒன்று கேட்கிறேன், கணக்குத் தெரிந்தவர் என்பதால் கோபிக்க மாட்டீர்கள். திருமணத்துக்கு முன் ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்களா? இல்லையென்றால் சொத்தில் பாதி உங்களுடையது. தனிச்சொத்து ஒப்பந்தம் என்றால், அக்ரூவல், அதாவது மணவாழ்வில் வளர்ந்த சொத்தை இருவரும் பகிரும் ஏற்பாடு, விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலக்கப்பட்டிருந்தால், நீங்கள் வீட்டிலிருக்கும் ஆண்டுகளில் வளரும் அவர் சொத்தில் உங்களுக்குத் தானாகப் பங்கு வராது. கோயில் சடங்கோடு நிறுத்தி, பதிவு செய்யாமல் விட்டவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் நிலை இன்னும் சிக்கலானது. கணவர் நல்லவர் என்பதை நான் நம்புகிறேன், ஆனால் விபத்துக்கும் நோய்க்கும் அது தெரியாது.

தோழிகளிடமும் ஒன்று கேளுங்கள். அவர்கள் அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டுத் துணியை மடிப்பவர் யார்? டர்பனில் நம்மில் பலர் வீட்டில் அது கறுப்பின மக்கள் வாழும் புறநகர்களான உம்லாசியிலிருந்தோ குவாமஷுவிலிருந்தோ டாக்சி மாறி வரும் ஒரு பெண். அவருக்கு வேலையில் காயம் பட்டால் இழப்பீடு உண்டு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லவே 2020 ஆயிற்று. அந்தப் பெண்ணும் தன் குழந்தையோடு வீட்டிலிருக்க விரும்பக்கூடும். அவருடைய விருப்பத்தை யாரும் கேட்டதில்லை.

ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். உங்கள் பெயரில் மாதந்தோறும் ஓய்வூதியத்துக்குப் பணம் போட முடியுமா என்று கணவரிடம் பேசுங்கள். அந்தப் பேச்சு எப்படிப் போயிற்று என்று எழுதினால் மகிழ்வேன்.