அரிய ரத்தசோகை உள்ள பிள்ளையைப் புதிய மருந்துச் சோதனையில் சேர்க்கலாமா?

மும்பை மாட்டுங்காவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 9 வயது மகனுக்குப் பைருவேட் கைனேஸ் குறைபாடு, மருந்துச் சோதனைக்குக் கூப்பிட்டால் போகலாமா என்று.

இந்தப் பரம்பரைக் குறைபாட்டில் பைருவேட் கைனேஸ் என்ற நொதி சரியாக வேலை செய்யாததால் சிவப்பணுக்களுக்குப் போதிய ஆற்றல் கிடைக்காது, சீக்கிரமே உடைந்துபோகும். மிட்டாபிவாட் என்ற மாத்திரை அந்த நொதியைத் தூண்டுகிறது. 2022-இல் அமெரிக்கா முதலில் பெரியவர்களுக்குத்தான் அனுமதி தந்தது. வளரும் உடம்பில் எலும்பு, பருவமடைதல், எடைக்கேற்ற அளவு எல்லாவற்றையும் தனியாகப் பார்த்தாக வேண்டுமே.

சோதனையில் சிலருக்கு மருந்தில்லாத மாத்திரை வரலாம். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. பெற்றவர்களுக்கு இது வலிக்கும், புரிகிறது. ஆனால் மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதற்காக மகனுக்கு ரத்தம் ஏற்றுவது நிற்கக் கூடாது. முதலில் இதைக் கேளுங்கள்.

அப்புறம், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டில் நிதானமாகப் படியுங்கள். 7 வயது தாண்டிய பிள்ளையிடம் அவன் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்பது இந்திய விதி. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் சிவப்பணுக்கள் மளமளவென உடையக்கூடும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளின் பதிவேடு) பதிவு எண்ணையும் கேளுங்கள். அது இல்லாத சோதனைக்கு நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.