திரைப்படம் பார்த்துக் கற்பதும் புத்தகம் படித்துக் கற்பதும் எங்கே வேறுபடுகின்றன?

திரைப்படத்தில் வேகம் படத்தின் கையில் இருக்கிறது, புத்தகத்தில் அது படிப்பவரின் கையில் இருக்கிறது என்பதே இக்கேள்விக்கான சுருக்கமான விடை. நொடிக்கு 24 அசையாப் படங்களாக (சட்டங்களாக) ஓடும் காட்சி நாம் யோசிப்பதற்காக நிற்பதில்லை. மனமோ ஒரே நேரத்தில் சில செய்திகளை மட்டுமே ஏந்தக்கூடியது, ஆகவே புதியது வந்ததும் பழையது நழுவிவிடுகிறது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கண்முன் வந்து போகும். ஆனால் காப்பிச் செடிகள் எந்த வளைவுக்கு மேல் தென்படத் தொடங்கின என்று கேட்டால், சன்னலோரத்தில் உட்கார்ந்து வந்தவருக்கே சொல்லத் தெரியாது. நின்று நின்று நடந்து ஏறியவர் சொல்லிவிடுவார்.

அதற்காகப் படத்தைக் குறைத்துப் பேசுவது சரியில்லை (1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படப்பிடிப்பு நிறுவனம் தோன்றிய சேலத்துக்காரர்கள் அதை ஒப்பவும் மாட்டார்கள்). பழுத்த காப்பிப் பழத்தைக் கிளை நோகாமல் விரலால் திருகிப் பறிக்கும் விதத்தைப் பத்துப் பக்கம் எழுதினாலும் ஒரு காட்சிக்கு ஈடாகாது. ஆனால் கொட்டையை ஈரப்பதம் சுமார் 10 முதல் 12 சதவீதத்துக்கு இறங்கும்வரை ஏன் உலர்த்துகிறார்கள், ஈரம் மிஞ்சினால் பூஞ்சை எப்படிப் பிடிக்கிறது என்பவை எழுத்தில்தான் நிதானமாக விளங்கும்.

நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் படமும் புத்தகம்போல்தானே என்று பலர் எண்ணுகிறார்கள். நிறுத்தினால் கிடைப்பது அசையாத ஒரு காட்சிதான், சொல்லாமல் விட்ட காரணம் அதில் வந்து சேர்ந்துவிடுவதில்லை.