மலையில் கடல் மீன்: குவாரன்டைன் டேங்க் கேள்வி பதில்

நீலகிரியில் கடல் மீன் வளர்ப்பவர்கள் எனக்கு அனுப்பிய கேள்விகளில், புதுமீனைத் தனியாக வைத்திருக்கும்போது வரும் நோய்களைப் பற்றியவை இவை.

கோத்தகிரியிலிருந்து: அக்கா, சென்னை கொளத்தூரில் வாங்கிய பவுடர் ப்ளூ டேங் (Tang) மீனுக்கு மூன்றாம் நாள் வெள்ளைப் புள்ளி வந்தது. இப்போது ஒரு புள்ளியும் இல்லை. பெரிய டேங்கில் விட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. புள்ளிதான் போயிருக்கிறது, நோய் போகவில்லை. இந்த வெள்ளைப் புள்ளியைத் தரும் இக் என்ற ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் சில நாள் தின்று வளர்ந்ததும் தானே கழன்று, டேங்கின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அங்கே கூட்டுக்குள் பலவாகப் பிரிந்து, மறுபடி மீனைத் தேடிக் கிளம்பும். அது மூன்று நாளிலும் நடக்கும், நான்கு வாரம் கழித்தும் நடக்கும். அந்த நீந்தும் பருவத்தில் மட்டும்தான் காப்பர் (செம்பு மருந்து) அதைக் கொல்லும். அதனால்தான் 30 நாள் விடாமல் வைக்கச் சொல்கிறோம்.

முதலில் பாட்டிலைப் படியுங்கள். கீலேட் செய்த (வேறு மூலக்கூறோடு பிணைத்த) காப்பர் என்றால் 2 முதல் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை வேண்டும். அப்படிப் பிணைக்காத அயனிக் காப்பருக்கு 0.2 பிபிஎம் பக்கமே போதும். கீலேட் வகைக்கான அளவை அயனிக் காப்பருக்குப் போட்டால் மீன் செத்துவிடும். டெஸ்ட் கிட்டும் அந்தந்த வகைக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டு மூன்று நாளில் ஏற்றுங்கள். லைவ் ராக்கும் (நுண்ணுயிர்கள் வாழும் கடல் பாறை) பவள மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் உள்ளே பிவிசி பைப் துண்டு மட்டும் போதும். அம்மோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டும் மருந்தைக் காப்பரோடு சேர்க்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் விஷம்.

குன்னூரிலிருந்து: மேடம், புள்ளியே இல்லை. ஆனால் மீன் வேகவேகமாக மூச்சு வாங்குகிறது, பம்ப் முன்னால் போய் நிற்கிறது, லைட் போட்டால் ஒளிகிறது. ஹீட்டரை 30க்கு ஏற்றச் சொல்கிறார்கள்.

ஏற்றாதீர்கள். நீங்கள் சொல்வதெல்லாம் வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோயின் குணம். அது முதலில் செவுளைத்தான் பிடிக்கும், தோலில் தெரியும் முன்பே மீன் போய்விடலாம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். ரவை தூவினாற்போல் எண்ண முடிந்தால் இக், மாவு பூசினாற்போல் மங்கினால் வெல்வெட். மாவு தெரியாவிட்டாலும் இந்த மூச்சுக்கு நான் காத்திருக்க மாட்டேன். ஐந்து நிமிடம் நன்னீர்க் குளியல் கொடுத்து, உடனே காப்பர் டேங்கில் விடுங்கள். குளிக்கும் நீரில் குளோரின் இருக்கக் கூடாது. வெப்பமும் பிஎச்சும் டேங்கோடு ஒத்திருக்கட்டும் (பிஎச் ஏற்றச் சமையல் சோடா போதும்), காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனும் ஓடட்டும்.

மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறையும். குன்னூரில் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். தண்ணீர் சூடேறினால் அதிலும் குறையும். செவுள் கெட்ட மீனுக்கு அந்தக் குறைவே எமன். சென்னையில் ஒரு ஏர் ஸ்டோன் போதும் என்றால் இங்கே இரண்டு போடுங்கள். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்பும் தயாராக இருக்கட்டும். என் வீட்டில் மருந்து வாங்கும் முன் இதைத்தான் வாங்கி வைப்பேன்.

லவ்டேலிலிருந்து: க்ளவுன் மீனுக்குத் தோல் சளிபோல் உரிகிறது, சாப்பாடும் இல்லை. காப்பர் போட்டும் கேட்கவில்லை.

கேட்காது. இது ப்ரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணியாகத்தான் இருக்கும். க்ளவுனுக்கு அடிக்கடி வருவது, காப்பருக்கு அடங்காது. ஃபார்மலின் குளியல்தான் வழி, பாட்டிலில் போட்டிருக்கும் அளவும் நேரமும் தாண்டாமல். ஊற்றும் முன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நம் ஊர்ப் பனிக்காலத்தில் குளிர்ந்த அலமாரியில் கிடந்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அது மீனுக்கு இன்னும் கொடிய விஷம், அந்தப் பாட்டில் வேண்டவே வேண்டாம். ஃபார்மலின் நீரின் ஆக்சிஜனையும் குறைக்கும் என்பதால் குளியல் முழுக்கக் காற்று ஓடட்டும். குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது. கையுறை போடுங்கள்.

வெலிங்டனிலிருந்து: சென்னையிலிருந்து வரும் மீன் கவர் இங்கே வரும்போது உப்பி வெடிக்கிற மாதிரி இருக்கிறது. உள்ளே ஏதாவது கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. கீழே அடைத்த வாயு மலையேறினால் விரிகிறது. கடைக்காரரிடம் கொஞ்சம் தளர்வாகக் கட்டி, இரட்டைக் கவர் போடச் சொல்லுங்கள். பெட்டி தெர்மாகோலாக இருக்கட்டும். வந்ததும் கவரைத் திறந்து, மீன் பழக என்று டேங்க் தண்ணீரை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடாதீர்கள். திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியா கடுமையாகும். கடையின் உப்பளவை முன்பே கேட்டு, தனித்தொட்டியை அதே அளவில் வைத்திருங்கள். கவரை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.

கூடலூரிலிருந்து: துடுப்பு நுனியில் சின்ன வெள்ளைக் கட்டி, நன்றாகச் சாப்பிடுகிறது. மருந்து?

பெரும்பாலும் லிம்போசிஸ்டிஸ், வைரஸ். மருந்து இல்லை, தேவையும் இல்லை. நல்ல தீனி, சுத்தமான தண்ணீர் போதும்.

கேத்தியிலிருந்து: இக் வந்த பெரிய டேங்கை மீன் இல்லாமல் காலியாக விட்டிருக்கிறேன். மீன்தான் இல்லையே என்று ஹீட்டரை அணைத்துவிட்டேன். 45 நாள் போதுமா?

போதாது. குளிரில் அந்தக் கூடுகள் இன்னும் மெதுவாகப் பொரியும், நாள் நீண்டுகொண்டே போகும். இன்றைக்கே ஹீட்டரைப் போட்டு 26, 27 டிகிரியில் நிறுத்துங்கள், இன்றிலிருந்து 76 நாள் எண்ணுங்கள். ராத்திரிக் குளிருக்கு ஒரு ஹீட்டர் தாங்காது, இரண்டாகப் போட்டு மூன்று பக்கமும் தெர்மாகோல் ஒட்டினால் கரண்ட் பில்லும் குறையும். இறால், நண்டு, நத்தை அங்கேயே இருக்கலாம், இக் அவற்றைப் பிடிக்காது. ஆனால் அந்த டேங்கில் காப்பர் ஊற்றாதீர்கள், அவை பிழைக்காது. தனித்தொட்டியில் நனைந்த வலையையும் அங்கே முக்காதீர்கள்.