மால்டாவின் கோசோ தீவில் வழிகாட்டியோடு குவாட் பைக் (நான்கு சக்கர பைக்) சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்திருக்கிறோம். அதை ஓட்ட என் டூவீலர் லைசென்ஸ் போதுமா?

போதாது. வழிகாட்டி முன்னால் போனாலும் வண்டி ஓடுவது பொதுச்சாலையில்தான், அதனால் ஓட்டுபவரிடம் கார் லைசென்ஸ் கேட்பார்கள். உங்கள் மனைவியிடம் இருக்கிறது என்றீர்களே, அவர் ஓட்டட்டும். பின்னால் உட்காருபவருக்கு லைசென்ஸ் வேண்டாம்.

முன்பதிவை ஏற்றுக்கொண்டார்களே என்று குழம்ப வேண்டாம். அங்கே ‘லைசென்ஸ் உண்டு’ என்று டிக் செய்தாலே போதும். அட்டையைப் பார்ப்பது பெரும்பாலும் காலையில் வண்டி தரும்போதுதான். உங்கள் மனைவியின் லைசென்ஸ் அட்டையில் ‘எல்எம்வி’ (கார் வகை) இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அசல் அட்டையையே எடுத்துப் போங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருந்தால் நல்லது.

மால்டாவிலும் நம் ஊர் போல இடதுபக்கம்தான், அது பிரச்சினையில்லை. ஆனால் ஆக்சிலரேட்டர் கட்டைவிரலால் அழுத்துவது. அப்புறம் முக்கியமானது: ஸ்கூட்டர் பழக்கத்தில் நிறுத்தும்போது காலைத் தரையில் ஊன்றவே கூடாது, பின்சக்கரம் பாதத்தில் ஏறிவிடும். இருவருக்கும்தான் சொல்கிறேன்.

பயணக் காப்பீட்டையும் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் குவாட் பைக் விபத்து சேராது.

கோசோவின் துவெய்ரா கடற்கரையில் ‘அஸூர் விண்டோ’ என்ற அந்தப் பிரபலமான கல் வளைவைத் தேடாதீர்கள், 2017 மார்ச்சில் கடலில் விழுந்துவிட்டது. ஷ்வெய்னி உப்பளத்தில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். பாறையில் வெட்டிய சின்னச் சின்னப் பாத்திகள், அவ்வளவு அழகு.