16,000 யார்டு ஓடியவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் உறுதியா?

ஒஹாயோவில் இருக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய 15 வயது மகனுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் உயிர். அக்கம்பக்கத்து வீடுகளில் புல் வெட்டிச் சேர்த்த 600 டாலரை, ஓய்வுபெற்ற ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) ஃப்ராங்க் கோர் கையெழுத்திட்ட ஹெல்மெட் ஒன்றில் போடத் துடிக்கிறான். ஓட்ட யார்டுகளில் எல்லாக் காலத்துக்கும் மூன்றாம் இடம், ஹால் ஆஃப் ஃபேம் என்ற சிறந்த வீரர்களின் கௌரவப் பட்டியலில் இடம் நிச்சயம், அறிவிப்பு வந்ததும் விலை இரட்டிப்பாகும் என்று விற்பவர் அடித்துச் சொல்கிறாராம். நீண்ட காலம் ஆடியதை நம்பிப் பணம் போடலாமா, இல்லை கொஞ்ச காலம் உச்சத்தில் நின்றவர்களைத்தான் எடுப்பார்களா என்பது அப்பாவின் கவலை.

முதலில் பதில்: அந்த விலைக்கு வாங்க வேண்டாம். கோருக்குத் தகுதியில்லை என்று நான் சொல்லவில்லை. விற்பவர் காட்டும் கணக்கு வேறு, தேர்வுக் குழு பார்க்கும் கணக்கு வேறு.

கோர் 16 சீசன், 241 ஆட்டம் ஆடி, சரியாக 16,000 யார்டு ஓடினார். அவருக்கு மேலே எம்மிட் ஸ்மித், வால்டர் பேட்டன் என்று இரண்டே பேர். ஆனால் ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்தால் 66 யார்டுதான் வருகிறது. டென்வர் அணியின் ரன்னிங் பேக் டெரல் டேவிஸ் ஆடியதே 78 ஆட்டம், ஓடியது 7,607 யார்டு. கோரின் மொத்தத்தில் பாதிகூட இல்லை, ஆட்டத்துக்கோ 97க்கு மேல். 1998இல் ஒரே சீசனில் 2,008 யார்டு ஓடி லீக்கின் எம்விபி (அந்த வருடத்தின் மிகச் சிறந்த வீரர்) ஆனார், டென்வர் அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பவுல் இறுதிப் போட்டிகளை வென்றதற்கு அவர்தான் முதுகெலும்பு. மறு வருடம் முழங்கால் போனது, அதற்கப்புறம் பழைய டேவிஸைப் பார்க்கவே முடியவில்லை. இருந்தும் 2017இல் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். கோர் ஒரு சீசனில்கூட லீக்கில் முதலிடம் பிடித்ததில்லை, வருடத்தின் சிறந்த வீரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பெற்றதில்லை.

என் அனுபவத்தில், ஒரு வீரர் பெயர் வந்தால் குழுவில் முதலில் எழும் கேள்வி இதுதான்: இவர் ஆடிய காலத்தில், இவருடைய இடத்தில், இவரைவிடச் சிறந்தவர் இருந்தாரா? மொத்த யார்டு இதற்குப் பதில் சொல்லாது. குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து கொடுப்பவர்) வின்னி டெஸ்டவெர்டி 21 சீசன் ஆடி 46,233 யார்டு பந்து வீசியும் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. ரன்னிங் பேக் கேல் சேயர்ஸ் 68 ஆட்டத்தோடு 34 வயதிலேயே சேர்ந்துவிட்டார். அதற்காக நீண்ட காலம் ஆடுவது சாதாரண விஷயம் என்று பையனிடம் சொல்லிவிடாதீர்கள். கல்லூரியிலேயே இரண்டு முழங்காலிலும் தசைநார் கிழிந்த கோர், ரன்னிங் பேக்குகள் முப்பதுக்குள் ஓய்ந்துபோகும் இந்த ஆட்டத்தில், 33 வயதில் 1,025 யார்டு ஓடினார் என்றால் அது பெரிய சாதனைதான், எனக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை உண்டு.

உச்சம் என்றாலே உடனே கதவு திறக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்டெர்லிங் ஷார்ப் கதையைச் சொல்கிறேன். கிரீன் பே அணியின் வைட் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்), 7 சீசன், 112 ஆட்டம், ஓர் ஆட்டம்கூடத் தவறவிட்டதில்லை. மூன்று சீசன்களில் லீக்கிலேயே அதிகப் பந்து பிடித்தவர், 1992இல் பிடித்த பந்து, யார்டு, டச்டவுன் (பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) மூன்றிலும் முதலிடம். 1994இல் 18 டச்டவுன் அடித்த கையோடு கழுத்துக் காயத்தால் ஆட்டத்தை விட்டார். தம்பி ஷானன் ஷார்ப் 2011இல் சேர்ந்தபோது, எங்கள் குடும்பத்தில் நான் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரன்தான் என்று மேடையிலேயே சொன்னார். அப்படிப்பட்ட அண்ணனுக்குக் கதவு திறந்தது 2025இல், அதுவும் ஆட்டத்தை விட்டு நெடுங்காலம் ஆனவர்களுக்கான மூத்தோர் பிரிவில். கடைசியாக ஆடி 30 வருடம்! அந்த 7 வருடத்தில் ஒரு பந்துகூடக் கூடவில்லை, குறையவில்லை, பிறகு எதற்கு இந்தக் காத்திருப்பு?

இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. தேர்வுக் குழுவில் சுமார் 50 பேர் கூடிப் பேசுகிறார்கள், கதவு சாத்தியிருக்கிறது, 80 சதவீத வாக்கு வேண்டும், யார் யாருக்குப் போட்டார்கள் என்று வெளியே சொல்வதில்லை. 2025இல் விதியை இன்னும் இறுக்கினார்கள், அந்த வருடம் மொத்தமே நான்கு பேர்தான் தேறினார்கள். மூத்த ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளரையும் நிர்வாகியையும் ஒரே வாக்குச் சீட்டில் போட்டு மோதவிடுவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? இப்படி ஒரு முறை இருக்கும்போது, இவர் நிச்சயம் என்று எவராலும் சொல்ல முடியாது. சொல்பவர் ஒன்று அறியாதவர், இல்லையென்றால் விற்க வந்தவர்.

விற்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிப்ரவரியில் சூப்பர் பவுல் வாரத்தில் பெயர்களை அறிவிப்பார்கள், அதற்கு முந்தைய சில வாரங்கள்தான் இவர்களுக்கு அறுவடைக் காலம். மொத்த யார்டை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு, ஆட்டத்துக்கு எவ்வளவு என்பதை மறைத்துவிடுவார்கள். நம்பகச் சான்றிதழ் என்று ஒரு காகிதம் தருவார்கள், அதை அடித்ததும் அவர்களே, கையெழுத்துப் போட்டதும் அவர்களே. பல வருடம் முன்பு அப்படி ஒரு காகிதத்தை நம்பி நானே ஒரு பந்து வாங்கினேன், கையெழுத்து போலி, கடைக்காரர் போனை எடுக்கவே இல்லை. 1990களில் எஃப்பிஐ ஆபரேஷன் புல்பென் என்ற பெயரில் பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது, அதோடு இந்தத் தொழில் ஒழிந்துவிடவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஹெல்மெட்டில் பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் என்ற கையெழுத்துச் சோதனை நிறுவனங்களில் ஒன்றின் ஸ்டிக்கர் இருக்கிறதா, அதிலுள்ள எண் அவர்கள் தளத்தில் இதே பொருளைக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஈபேயில் கேட்கும் விலையை விடுங்கள், விற்று முடிந்த விலையைத் தேடுங்கள். அந்த விலைக்கு மேல் ஒரு டாலர் கேட்டாலும், இன்றைக்கே முடிவு சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தினாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பையனுக்குக் கோரைப் பிடித்திருக்கிறது, அலமாரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் நியாய விலைக்குத் தாராளமாக வாங்கட்டும், லாபக் கணக்கு மட்டும் வேண்டாம். அப்புறம், நீங்கள் இருப்பது ஒஹாயோ. ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் காண்டன் நகரம் உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அவனைக் கூட்டிப்போய் டேவிஸ், ஷார்ப் இருவரின் வெண்கலச் சிலைகளுக்கு முன்னால் நிற்க வையுங்கள், அந்த 600 டாலரை என்ன செய்வது என்று திரும்பி வரும்போது காரில் பேசிக்கொள்ளலாம்.