18 சதவீதம் இருந்தால் எண்ணெய் வந்துவிடுமா?

ஹூஸ்டன் வாசகர் ஒருவரின் கேள்வி: மேற்கு டெக்சாஸில் சான் ஆண்ட்ரஸ் பாறையில் உள்ள எண்ணெய் லீஸில், அதாவது எண்ணெய் எடுக்கக் குத்தகைக்கு விட்ட நிலத்தில், பங்கு வாங்கச் சொல்லி ஒரு தரகர் நச்சரிக்கிறார். கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுக்கும் நியூட்ரான் லாக் என்ற பதிவில் போரோசிட்டி, அதாவது பாறையில் துளைகளின் பங்கு, 18 சதவீதமாம். நம்பலாமா?

அந்த 18-ஐ நம்பி மட்டும் செக் எழுதாதீர்கள்.

சான் ஆண்ட்ரஸின் மேல் அடுக்குகள் பல, சுமார் 27 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறி வடிந்த சேற்றுவெளியில் படிந்தவை. வெயிலில் உப்புநீர் சுண்டச் சுண்ட, ஜிப்சம், அன்ஹைட்ரைட் என்ற கனிமங்கள் துளைகளில் போய் அடைத்துக்கொண்டன. நியூட்ரான் கருவி துளையைப் பார்ப்பதில்லை, ஹைட்ரஜனைத்தான் எண்ணுகிறது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் பூட்டிய தண்ணீர். அதையும் கருவி துளைக் கணக்கில் சேர்த்துவிடும். அதாவது அடைப்பையே ஓட்டை என்று எழுதிக் கொடுக்கும்! பாறையின் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டி லாக்கையும் கேளுங்கள். கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறைத் துண்டைச் சோதித்த கோர் ரிப்போர்ட்டை நீட்டினால், பாறையை எவ்வளவு சூட்டில் உலர்த்தினார்கள் என்று கேளுங்கள். அதிகச் சூட்டில் ஜிப்சம் தண்ணீரை விட்டுவிடும், இல்லாத துளை முளைக்கும்.

சரி, துளை நிஜம் என்றே வைப்போம். சேற்றுவெளிப் பாறையின் பொத்தல்கள் பெரும்பாலும் தேனடை அறைகள் மாதிரி, தனித்தனியாக மூடிக்கிடக்கும். பாறை வழியே எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை மில்லிடார்சியில் அளப்பார்கள்; ஒரே போரோசிட்டியில் அது நூறு மடங்குகூட மாறும். தரகர் சொல்லாமல் விடும் எண் அதுதான். நல்ல சரக்கு வழக்கமாகக் கீழே, எப்போதும் நீருக்குள் இருந்த மணிமணியான அடுக்கில் இருக்கும்.

"மேற்கு டெக்சாஸின் பெரிய எண்ணெய் வயலான யேட்ஸும் இதே பாறைதானே" என்பார் தரகர். 1926-ல் கண்டுபிடித்த யேட்ஸ் உண்மையிலேயே கொட்டிய வயல்தான். ஆனால் அங்கே பாறை கரைந்து குகைகளாகியிருக்கிறது, விரிசல்களும் ஏராளம். குகை இருந்தால் தோண்டும்போதே டிரில் பிட் தொப்பென்று கீழே இறங்கும், உள்ளே விடும் டிரில்லிங் சேறு திரும்பி வராது. அதை டிரில்லிங் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள். எழுதவில்லையா, உங்களுடையது யேட்ஸ் இல்லை.

அப்புறம் உற்பத்திக் கணக்கு. டெக்சாஸில் எண்ணெயைக் கண்காணிப்பது, பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள், ரயில்ரோடு கமிஷன். அங்கே எண்ணெய் உற்பத்தி லீஸ் வாரியாகத்தான் பதிவாகிறது, கிணறு வாரியாக இல்லை. இந்தக் காலத்திலும் ஏன் இப்படியோ! பத்துக் கிணற்றின் மொத்தத்தை ஒரே கிணற்றின் வரவு போலக் காட்ட இதைவிட வசதி வேண்டுமா? எத்தனை கிணறு என்று கேட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். எண்ணெயோடு கூடவே எத்தனை பீப்பாய் தண்ணீர் வருகிறது என்றும் கேளுங்கள்.